திருநெல்வேலிக் கிட்டங்கியிலிருந்து ரக்சௌல் எல்லை வழியாக நேபாளத்திற்குச் சரக்கு அனுப்புவது எப்படி

புளியரையைத் தாண்டிக் கேரளத்திற்கு லோடு அனுப்பிப் பழகிய வியாபாரிகளுக்கு, எல்லை என்றால் ஒரு சோதனைச்சாவடி, ஒரு வரிசை, ஒரு முத்திரை என்ற நினைப்பு இன்றும் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்து வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்ட பிறகு அந்த வரிசையும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகும் லாரிக்கு இ-வே பில் (சரக்குப் பயணத்துக்கான ஜி.எஸ்.டி. மின்சீட்டு) சரியாக இருந்தால் வரித்துறையிடம் பெரிய வேலை இல்லை. நாட்டு எல்லை அப்படிப்பட்டதன்று. அங்கே ஒரே சரக்கை இரண்டு அரசுகள், தத்தம் சட்டப்படி, ஒன்றையடுத்து ஒன்றாகப் பரிசோதிக்கின்றன. முதல் அரசிடம் சரியாக இருந்த தாள் இரண்டாவது அரசிடம் தவறாகலாம். லாரி நின்றுவிட்டால் மதியச் சாப்பாட்டிற்கு முன் ஓடிப்போய்ச் சரிசெய்துவிட்டு வர, ரக்சௌல் ஒன்றும் தென்காசியன்று.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் கிட்டங்கி வைத்திருக்கும் சிறு ஏற்றுமதியாளர் ஒருவர், முதன்முறையாக ஒரு லாரிச் சரக்கைத் தரைவழியாக நேபாளத்திற்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் ஏற்றுமதி என்றதும் நமக்குக் கப்பலும் கண்டெய்னருமே நினைவுக்கு வரும். நேபாளத்திற்குக் கடலில்லை. நம் நாட்டுச் சரக்கு அங்கே போவதற்குச் சாலையும் ரயிலுமே இயல்பான வழி. அவற்றில் மிகுதியான போக்குவரத்து பீகாரின் கிழக்கு சம்பாரண் மாவட்டத்திலுள்ள ரக்சௌலுக்கும் எதிரேயுள்ள பீர்கஞ்சுக்கும் இடையே நடக்கிறது. சோனௌலி, ஜோக்பனி, ருபைதிகா, பானிடங்கி ஆகியவையும் உண்டு. காத்மாண்டு வியாபாரிக்கு அனுப்புபவர் பெரும்பாலும் ரக்சௌலையே பயன்படுத்துவார். எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்ளும் சரக்கு, உலகச் சந்தையில் நம் ஊர்ப் பெயரையே தாங்கி 'டின்னவெலி சென்னா' என்று விற்கப்படும் நிலவாகை இலை. கயிறு, அப்பளம், கருப்பட்டி, பத்தமடைப் பாய் என்று எதை அனுப்பினாலும் வழிமுறையின் எலும்புக்கூடு இதுதான். தீப்பெட்டி மட்டும் விதிவிலக்கு. அது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் என்ற அபாயச் சரக்கு வகுப்பில் வருவதால், அதற்கென்று தனி லாரியும் தனிச் சான்றுகளும் வேண்டும். மற்றச் சரக்கோடு கலந்து ஏற்றவே கூடாது.

சரக்குக்கு ஒரே பெயர்

நான் முதலில் அனுப்பிய லோடு எல்லையில் ஐந்து நாள் நின்றது. தவறு முழுவதும் என் மேசையிலேயே நடந்தது. விலைப்பட்டியலில் 'சென்னா இலை' என்று எழுதியிருந்தேன். தாவர நலச் சான்றிதழில் அதன் தாவரவியல் பெயர் மட்டும் இருந்தது. இ-வே பில் போட்ட பையன் 'மூலிகைப் பொருள்' என்று அடித்திருந்தான். லாரி புக்கிங் அலுவலகத்தில் ரசீது எழுதியவரோ, தம் பங்குக்கு 'ஆயுர்வேத மருந்து' என்று எழுதிவிட்டார். இந்தியப் பக்கம் எப்படியோ கடந்துவிட்டது. பீர்கஞ்சில்தான் கேள்வி எழுந்தது. மருந்து என்றால் நேபாளத்தின் மருந்து நிர்வாகத் துறையின் அனுமதி வேண்டும்; காய்ந்த இலை என்றால் தாவரத் தொற்றுத்தடைப் பிரிவு பார்க்க வேண்டும். "அண்ணாச்சி, மருந்தா எலையான்னு கேக்காங்க, நான் என்ன சொல்லட்டும்?" என்று ஓட்டுநர் தொலைபேசியில் கேட்டபோது, நான்கு தாளில் நான்கு பெயர் இருப்பதை அப்போதுதான் நானே கவனித்தேன்.

ஆகவே முதல் வேலை, லாரி பேசுவதற்கும் முன்பே, சரக்கின் அடையாளத்தை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்வது. வணிகப் பெயர், தாவரவியல் பெயர், எச்.எஸ். குறியீடு (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்), சிப்பங்களின் எண்ணிக்கை, சிப்பத்தின் மேல் அச்சிட்டிருக்கும் குறி, நிகர எடை, மொத்த எடை ஆகிய ஏழும் அதில் இருக்க வேண்டும். விலைப்பட்டியல், சிப்பப் பட்டியல், இ-வே பில், லாரி ரசீது, தாவர நலச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ், காப்பீடு, சுங்க அறிக்கை ஆகிய அனைத்தும் அந்தத் தாளிலிருந்து எழுத்துக்கு எழுத்து பிரதி எடுக்கப்பட வேண்டும். தாவரவியல் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. நிலவாகைக்குக் 'காசியா அங்குஸ்டிஃபோலியா' என்ற பழைய பெயரும் 'சென்னா அலெக்சாண்டிரினா' என்ற இன்றைய பெயரும் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே செடிதான் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லையில் நிற்கும் அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாங்குபவரின் இறக்குமதி அனுமதியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

எச்.எஸ். குறியீட்டின் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுவதற்கும் பொது. அதற்குமேல் உள்ள இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப வைத்துக்கொள்கிறது. மருந்துக்கும் நறுமணத்திற்கும் பயன்படும் செடிப் பகுதிகள் 1211 என்ற தலைப்பில் வரும். நம் எட்டு இலக்கமும் நேபாளத்தின் எட்டு இலக்கமும் கடைசி இரண்டில் வேறுபட்டால் அது குற்றமில்லை. முதல் ஆறு வேறுபட்டால் வரி விகிதமே மாறும், வழக்கும் வரும். எனவே நம் குறியீட்டை வாங்குபவரின் சுங்க முகவருக்கு முன்கூட்டியே அனுப்பி, ஆறு இலக்கத்துக்கு அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

பதிவுகளும் தாள்களும்

ஏற்றுமதியாளர் குறியீட்டு எண் உங்கள் பான் எண்ணேதான். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களுக்குள், விவரம் எதுவும் மாறாவிட்டாலும், அங்கே உள்நுழைந்து உறுதிப்படுத்த வேண்டும். மறந்தால் எண் செயலிழந்துவிடும். லோடு ரக்சௌலில் நிற்கும்போது இது தெரியவருவது மிகவும் சங்கடமானது. உங்கள் வங்கிக் கிளை தரும் 14 இலக்க ஏ.டி. கோடு (அந்நியச் செலாவணி கையாளும் கிளையின் எண்) சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும், நீங்கள் பயன்படுத்தப்போகும் நிலையத்தில் அது செல்லுபடியாகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி வழியாக ஏற்கெனவே அனுப்பிப் பழகியவர்கள் இங்கேதான் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. பூச்சிய விகிதம். வரியைக் கட்டிவிட்டுத் திரும்பப் பெறலாம், அல்லது ஆர்.எஃப்.டி.-11 படிவத்தில் உறுதிமொழி கொடுத்துவிட்டு வரி கட்டாமலே அனுப்பலாம். சிறு வியாபாரிக்கு இரண்டாவது வழியே நல்லது, கைப்பணம் முடங்காது. அந்த உறுதிமொழியை நிதியாண்டுதோறும் புதிதாகக் கொடுக்க வேண்டும். விலைப்பட்டியல் தேதியிலிருந்து மூன்று மாதத்திற்குள் சரக்கு நாட்டை விட்டு வெளியேறியிருக்கவும் வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு ஏற்றுமதி விலைப்பட்டியலுக்கும் மின்-விலைப்பட்டியல் எண் கட்டாயம்.

விலைப்பட்டியலை இந்திய ரூபாயில் போடலாம் என்பது நேபாள வியாபாரத்தின் பெரிய வசதி. ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற நிலையான மாற்று விகிதம் 1993 முதல் நடப்பில் இருப்பதால், நாணய ஏற்றத்தாழ்வு பற்றிய கவலை இரு பக்கமும் இல்லை. விலை எதுவரைக்கும் என்பதை மட்டும் ஐயத்திற்கு இடமில்லாமல் எழுதுங்கள். 'ரக்சௌல் வரை' என்று எழுதினால் எல்லைக்கு அப்பால் இறக்குகூலியும் நேபாளச் சுங்கமும் வாங்குபவர் பாடு. 'பீர்கஞ்ச் சுங்க வளாகம் வரை' என்று எழுதினால், அந்தச் சில கிலோமீட்டருக்கான வாடகையும் காத்திருப்பும் உங்கள் பாடு. தூரம் சிறிதுதான், ஆனால் பணமும் நாளும் பெரும்பாலும் அங்கேதான் செலவாகின்றன. முதல் சில லோடுகளுக்கு ரக்சௌல் வரை என்று பேசுவதே என் வழக்கம். நேபாளப் பக்கத்துச் சுங்கவரியையும், அங்கே பொதுவாக விதிக்கப்படும் 13 சதவீத மதிப்புக்கூட்டு வரியையும் வாங்குபவரே கட்டுவார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். இந்திய-நேபாள வர்த்தக ஒப்பந்தப்படி இரு நாட்டு வேளாண் விளைபொருள் சிலவற்றுக்கு அடிப்படைச் சுங்கவரிச் சலுகை உண்டு. உங்கள் சரக்கு அந்தப் பட்டியலில் வருமானால் பிறப்பிடச் சான்றிதழ் இல்லாமல் லாரியைக் கிளப்பாதீர்கள்.

இலை, விதை, வேர், நார் போன்ற எந்தத் தாவரப் பொருளுக்கும் தாவர நலச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். நம் வட்டாரத்திற்கு இது எளிது. தூத்துக்குடியிலேயே மத்திய அரசின் தாவரத் தொற்றுத்தடை நிலையம் இருக்கிறது. இணையவழி விண்ணப்பித்தால் மாதிரி எடுத்துப் பூச்சி, பூஞ்சணம் உண்டா என்று பார்த்து வழங்குவார்கள். வரிசை முக்கியம். முதலில் வாங்குபவர் நேபாளத்தில் இறக்குமதி அனுமதி பெற வேண்டும். அதில் கூடுதல் நிபந்தனை ஏதேனும், எடுத்துக்காட்டாகப் புகைமூட்டம் போட வேண்டும் என்று, எழுதப்பட்டிருந்தால் அதை நிறைவேற்றிய பிறகே நம் சான்றிதழ் அந்த நிபந்தனையைக் குறிப்பிட்டு வரும். சான்றிதழை முதலில் வாங்கிவிட்டு அனுமதியைப் பிறகு கேட்பவர்கள் இரண்டு முறை பணம் கட்டுகிறார்கள். சிப்பங்களை மரத் தட்டுகளில் அடுக்கினால், அந்த மரம் வெப்பமோ புகையோ கொடுக்கப்பட்டு முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும். தட்டே வேண்டாம் என்று நேராக லாரியில் அடுக்குவது மலிவு.

எடையும் கட்டும்

சென்னா இலையை நிழலில் உலர்த்துவதன் காரணம், வெயிலில் போட்டால் பச்சை வெளிறி விலை போய்விடும் என்பதுதான். நிழலில் உலர்ந்த இலையில் எஞ்சியிருக்கும் ஈரம், நாக்பூர் வெயிலில் ஒரு வாரம் போனால் குறையும். ஆவணியில் பீகார் மழையில் நின்றால் கூடும். பாளையங்கோட்டை எடைமேடையில் போட்ட எடையும் எல்லை எடைமேடையில் வரும் எடையும் ஒன்றாக இராது என்பதை ஏற்றுக்கொண்டே திட்டமிட வேண்டும். நான் செய்வது இதுதான்: ஒவ்வொரு சிப்பத்தையும் தனித்தனியே நிறுத்து, சிப்ப எண்ணோடு எடையைப் பட்டியலில் எழுதுகிறேன், வெறும் லாரி எடை, லோடு லாரி எடை இரண்டின் சீட்டுகளையும் இணைக்கிறேன், விலைப்பட்டியலில் 'ஏற்றும் இடத்தில் எடுத்த எடை' என்று குறிப்பிடுகிறேன். சிப்ப எண்ணிக்கை சரியாக இருந்து, எடை வேறுபாடு ஈரத்தால் விளங்கக்கூடிய அளவில் இருந்தால், அலுவலர் சில சிப்பங்களைத் திரும்ப நிறுத்துப் பார்த்துவிட்டு விடுவது வழக்கம். எண்ணிக்கையே தவறினால் யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

இலைச் சிப்பம் எடையைவிட இடத்தையே அடைக்கும் என்பதால், வாடகைக் கணக்குப் பார்க்கும் வியாபாரி பாடிக்கு மேல் இரண்டு அடுக்கு உயர்த்திக் கட்டச் சொல்வார். கட்ட வேண்டாம். உயரம் மீறிய லோடு வழியில் எங்கும் மடக்கப்படலாம். மேலடுக்கு தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு நனையும். பரிசோதனைக்காக நடுச் சிப்பம் ஒன்றை இறக்கச் சொன்னால், மீண்டும் அப்படிக் கட்டுவதற்கு எல்லையில் நம் ஊர் லோடுமேன்கள் இருக்கமாட்டார்கள். பின்கதவின் பக்கம், வெவ்வேறு எண்களைக் கொண்ட சில சிப்பங்களைக் கைக்கு எட்டும்படி வைத்து ஏற்றுவது நல்லது.

லாரியும் இ-வே பில்லும்

பழைய தேசிய நெடுஞ்சாலை எண் 7, வாரணாசிக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே 2,369 கி.மீ. ஓடியது. நம் ஊர் அதன் தென்கோடியில் இருக்கிறது. வாரணாசியைத் தாண்டி, கோரக்பூர், கோபால்கஞ்ச், மோதிஹாரி வழியாக ரக்சௌல் சேர இன்னும் ஒரு நல்ல நாள் ஓட வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 2,700 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இ-வே பில்லின் ஆயுள், 2021 ஜனவரி 1 முதல், 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்ற கணக்கில் இருப்பதால், உங்களுக்குக் கிடைப்பது 14 நாள். ஓட்டத்துக்கு இது தாராளம்; எல்லை வரிசைக்கும் சேர்த்துப் பார்த்தால் தாராளமில்லை. காலாவதி ஆகும் நேரத்திற்கு முந்திய எட்டு மணி நேரத்திலும் பிந்திய எட்டு மணி நேரத்திலும் மட்டுமே நீட்டிக்க முடியும் என்பதால், காலாவதியாகும் நாளின் நள்ளிரவை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மார்கழி, தையில் உத்தரப் பிரதேசமும் பீகாரும் மூடுபனியில் மூழ்கிக் கிடக்கும், இரவோட்டம் நின்றுவிடும். அந்த மாதங்களில் நீட்டிப்புத் தேவைப்படும் என்று தொடக்கத்திலேயே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

பில் போடும்போது துணை வகையில் 'ஏற்றுமதி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வாங்குபவருக்கு ஜி.எஸ்.டி. எண் இருக்காது, எனவே பதிவில்லாதவர் என்று குறித்து, அவருடைய மாநிலம் என்ற இடத்தில் 'பிற நாடுகள்' என்று போட வேண்டும். சரக்கு சேரும் இடம் (ஷிப் டு) என்ற கட்டத்தில்தான் பலரும் தடுமாறுவார்கள்: அங்கே காத்மாண்டு முகவரியைப் போடக்கூடாது, சரக்கு நாட்டை விட்டு வெளியேறும் இடமான ரக்சௌலையும் அதன் அஞ்சல் குறியீடான 845305-ஐயும் பீகார் மாநிலத்தையும் போட வேண்டும். தளம் அஞ்சல் குறியீட்டை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது; குறியீடு தவறினால் நாளும் தவறும். வழியில் லாரி பழுதாகி வேறு லாரியில் மாற்றினால் உடனே இ-வே பில்லின் இரண்டாம் பகுதியில் புதிய வண்டி எண்ணைச் சேர்க்க வேண்டும். மாற்றிய இடத்திலிருந்தே ஓட்டுநர் போன் செய்து சொல்லும் அளவுக்கு அவரிடம் இதை விளக்கிவிடுங்கள்.

லாரி பேசும்போது தேசிய பர்மிட், எஃப்.சி., காப்பீடு ஆகியவற்றின் தேதிகளை நீங்களே பாருங்கள், புக்கிங் அலுவலகத்தின் வாய்மொழியை நம்ப வேண்டாம். வாடகைச் சீட்டில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: எல்லையில் எத்தனை நாள் இலவசக் காத்திருப்பு, அதற்குமேல் நாளொன்றுக்கு ஹால்டிங் எவ்வளவு, அதைத் தருவது யார். இந்த வரி இல்லாமல் கிளம்பிய லாரியில், ஐந்தாம் நாள் ஓட்டுநர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் தொகையே சட்டம். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் தவணை ஓடுகிறது. திரும்பும் லோடு கிடைக்கும் என்று தெரிந்தால் வாடகை இறங்கும். பீகார் மக்காச்சோளம் தென்னாட்டுக் கோழித் தீவன ஆலைகளுக்கு வருகிற பருவத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள். நம் ஓட்டுநர்களில் பலருக்கு இந்தி தெரியாது என்பதால், எல்லைத் தரகரின் பெயர், தொலைபேசி எண், சரக்கின் பெயர், போக வேண்டிய வளாகம் ஆகியவற்றைத் தேவநாகரியில் ஒரு அட்டையில் அச்சிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிவிடுவது எளிய உதவி. வழி கேட்பதற்கு மட்டுமல்லாமல், இடைத்தரகர்கள் சுற்றிவளைக்காமல் இருக்கவும் அது உதவுகிறது.

சரக்குக் காப்பீடு எதுவரை என்பதையும் பாருங்கள். உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீடு எல்லையோடு முடிந்துவிடுமானால், பீர்கஞ்ச் வளாகத்தில் மழையில் நிற்கும் இரண்டு நாளுக்குப் பாதுகாப்பு இல்லை. அந்த இடத்தையும் காத்திருப்பு நாட்களையும் பெயர் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எல்லையில் நடப்பது

கப்பலுக்கும் விமானத்துக்கும் 'ஷிப்பிங் பில்' என்று சொல்லப்படுவது, 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி தரைவழிக்கு 'பில் ஆஃப் எக்ஸ்போர்ட்' எனப்படும். நடைமுறையில் தரகர்கள் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பார்கள், குழம்ப வேண்டாம். இதைத் தாக்கல் செய்ய உரிமம் பெற்ற சுங்கத் தரகர் ஒருவர் ரக்சௌலிலேயே வேண்டும். தூத்துக்குடியில் நமக்குப் பழக்கமான தரகர் அங்கே ஒருவரைக் கைகாட்டலாம். ஆனால் அங்கீகாரக் கடிதத்தை அந்த ரக்சௌல் தரகர் பெயருக்கே நேராகக் கொடுங்கள், அவருடைய உரிம எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு. லாரி வாரணாசியைத் தாண்டியதும் தாள்களின் நகல் அவர் கையில் இருக்க வேண்டும். லாரி வளாகத்துக்குள் வந்த பிறகு நகல் அனுப்புபவர்கள், தங்கள் செலவில் மற்றவர்களுக்கு வரிசையில் இடம் கொடுக்கிறார்கள்.

ரக்சௌலில் ஒருங்கிணைந்த சோதனைச்சாவடி வளாகம் 2016 முதல் இயங்குகிறது. பீர்கஞ்ச் பக்கத்து வளாகம் 2018 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு முன் லாரிகள் ரக்சௌல் ஊருக்கு நடுவே, ரயில்வே கேட்டில் நின்று, கடைத்தெருவை அடைத்துக்கொண்டு போயின. இப்போது வாயிலில் பதிவு, எடைமேடை, நிறுத்துமிடம், பரிசோதனைக் கொட்டகை, வெளிவாயில் எல்லாம் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கின்றன. வளாகத்தை நடத்துவது இந்தியத் தரைத் துறைமுக ஆணையம். சரக்கைப் பார்ப்பது சுங்கத் துறை. ஆணையத்துக்குக் கட்டும் கட்டணத்திற்கும் சுங்கத்திற்கும் தொடர்பில்லை, இரண்டுக்கும் தனித்தனி ரசீது வரும். கைரசீது மட்டும் வருகிற செலவு எதுவானாலும் அதன் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்ல முடியாத செலவைக் கணக்கில் ஏற்காதீர்கள். எல்லா லோடையும் திறந்து பார்ப்பதில்லை, இடர்க் கணிப்பு மென்பொருள் தேர்ந்தெடுப்பதையே பார்க்கிறார்கள். அலுவலர் மனநிறைவடைந்தால், 51ஆவது பிரிவின்கீழ் ஏற்றுமதி அனுமதி ஆணை கொடுப்பார். அந்த ஆணையின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லைக்கோட்டிற்கு அப்பால் உங்கள் அதிகாரம் முடிகிறது, அக்கறை முடியக்கூடாது. வாங்குபவரின் முகவர் அங்கே 'பிரக்ஞாபன் பத்ர' என்ற சுங்க அறிக்கையைக் கணினியில் ஏற்றி, வரி கட்டி, தாவரத் தொற்றுத்தடைப் பிரிவின் ஒப்புதல் வாங்குவார். அறிவித்த விலை தாழ்வாகத் தோன்றினால் சுங்க அலுவலர் தம்மிடமுள்ள ஒப்பீட்டு விலையைக் காட்டி மதிப்பை உயர்த்துவது அங்கே அடிக்கடி நடக்கும். அதைத் தடுக்க, கடனுறுதிக் கடிதம் (வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி கூறும் எல்.சி.) அல்லது வங்கிவழி முன்பணத்தின் சான்று, இதற்கு முந்திய லோடுகளின் விலைப்பட்டியல் ஆகியவற்றை முகவரிடம் முன்பே கொடுத்து வைக்க வேண்டும். விலையைக் குறைத்து எழுதித் தரும்படி வாங்குபவர் கேட்பதும் உண்டு. மறுத்துவிடுங்கள். வங்கிக்கு வருகிற பணமும் சுங்கத்தில் எழுதிய பணமும் பொருந்தாத நாள் வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நாள் பார்ப்பதில் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றாலும், இங்கே பார்க்க வேண்டிய நாட்கள் வேறு. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை, நமக்கு ஞாயிறு. வெள்ளி மாலை போய்ச் சேரும் லோடு பெரும்பாலும் இரண்டு நாளை இழக்கும். திங்கள் காலை சேரும்படி புறப்பாட்டைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். நேபாளக் கடிகாரம் நம்மைவிடக் கால்மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே அலுவலகம் அந்தக் கால்மணி முன்னதாகவே மூடும் என்பதைக் கடைசி லாரியாக நின்றவர்கள் அறிவார்கள். புரட்டாசி, ஐப்பசியில் வரும் தசைன், திகார் பண்டிகைகளின்போது நேபாளம் நாள்கணக்கில் ஓய்ந்துவிடும். திகாருக்குப் பின்னாலேயே வரும் சத் பூஜையில் பீகார்ப் பக்கத்துச் சுமைத்தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். நம் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பி முடித்துவிடுவது உத்தமம். அரசியல் காரணமாகவும் வழி அடைபடும்: 2015 செப்டம்பர் முதல் அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை ரக்சௌல்-பீர்கஞ்ச் போக்குவரத்து ஏறக்குறைய முடங்கிக் கிடந்தது. கடனுறுதிக் கடிதத்தில் ஒரே எல்லைச்சாவடியின் பெயரை எழுதாமல், 'இந்திய-நேபாள எல்லையில் எந்தச் சுங்க நிலையம் வழியாகவும்' என்று எழுதச் சொல்லி வாங்கினால், அப்படியொரு நிலையில் ஜோக்பனிக்கோ சோனௌலிக்கோ லாரியைத் திருப்ப இடமிருக்கும்.

வங்காளதேசத்துக்கு அனுப்ப விரும்புபவர்களுக்குச் சில சொற்கள். மேற்கு வங்கத்தின் பெட்ராபோலிலிருந்து எதிரேயுள்ள பெனாபோலுக்குப் போகும் இந்திய லாரி, 'கார் பாஸ்' என்ற அனுமதியோடு அங்குள்ள கிடங்கில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். டாக்காவரை அது போகாது. மேற்கு வங்க அரசின் 'சுவிதா' தளத்தில் லாரிக்கு முன்பதிவு செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் விடுமுறை. எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தச் சரக்கு தரைவழி போகலாம் என்ற விதியே மாறிக்கொண்டிருக்கிறது: 2025 ஏப்ரலில் வங்காளதேசம் இந்திய நூலைத் தரைவழி இறக்குமதி செய்வதை நிறுத்தியது, அடுத்த மாதம் இந்தியா அங்கிருந்து ஆயத்த ஆடைகள் தரைவழி வருவதைக் கட்டுப்படுத்தியது. கோவில்பட்டி, இராசபாளையம் நூற்பாலைக்காரர்கள் லாரி பேசும் நாளன்று இரு நாட்டு அறிவிக்கைகளையும் படித்துவிட்டே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

லாரி திரும்பிய பிறகு

சரக்கு போய்ச் சேர்ந்து பணமும் வந்துவிட்டால் கோப்பை மூடிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பணம் வந்ததற்கான வங்கி மின்சான்றிதழை வெளிநாட்டு வர்த்தக இயக்ககத் தளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாத ஜி.எஸ்.டி.ஆர்.-1 அறிக்கையின் 6ஏ அட்டவணையில் சுங்க அறிக்கையின் எண், தேதி, நிலையக் குறியீடு ஆகிய மூன்றையும் ஏற்ற வேண்டும். சென்னா இலைக்காக வாங்கிய சாக்கு, கட்டுக்கயிறு, இயந்திர வாடகை ஆகியவற்றில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கும்போது இந்த மூன்றும் சுங்கத்தின் பதிவோடு பொருந்த வேண்டும். நிலையக் குறியீடு ஆறு எழுத்துகள் கொண்டது. அதன் கடைசி எழுத்து கடல் துறைமுகத்துக்கு 1 என்றும், விமான நிலையத்துக்கு 4 என்றும், உள்நாட்டுக் கண்டெய்னர் முனையத்துக்கு 6 என்றும், தரை எல்லை நிலையத்துக்கு 'பி' என்ற ஆங்கில எழுத்தாகவும் இருக்கும். தூத்துக்குடிக் கப்பல் லோடுகளுக்கே அறிக்கை போட்டுப் பழகிய நம் ஊர்க் கணக்கர்கள், கை தானாகப் போய் அங்கே 1 என்று அடித்துவிடுவார்கள். அப்படி அடித்திருந்தால் அடுத்து வரும் அறிக்கையின் 9ஏ அட்டவணையில் திருத்திக்கொள்ளலாம். திருத்தும்வரை ரக்சௌலைக் கடந்த அந்த லோடு, கணினியின் கணக்கில் நாட்டை விட்டு வெளியேறவே இல்லை.